மூன்றாம் டிவிஷன் கிடாய்

சுருளியின் ஆட்டோவில் ஒருமுறை ஏறியவர்கள் மறுமுறை ஏற யோசிப்பார்கள். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. வாடைதான். பின் சீட்டில் ஏழு வருஷமாக ஒரு கிடாய் சவாரி செய்தால் எந்த ஆட்டோவும் அப்படித்தான் நாறும். சிம்மக்கல் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் வம்புக்கு இழுக்கும்போது, அதான் ஊதுபத்தி கொளுத்தி வச்சிருக்கேன்ல என்பான். ஊதுபத்தியும் கிடாய் வாடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஏறி இறங்கியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கிடாயைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு ஃபுட்பால் டீமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேறு வழியில்லை.

வைகை வாலிபர் கால்பந்துக் கழகம் என்று பெயர். மதுரையில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் உதட்டைப் பிதுக்குவார்கள். வண்டியூர் தெப்பக்குளம் பொட்டலாகக் காய்ந்து கிடந்த காலத்தில், அதன் நடுவில் பந்து உருட்டிப் பிறந்த டீம் அது. சுருளியின் அப்பா வண்டியூர்ப் பக்கத்து வயல்களில் கூலிக்கு அறுப்பு அறுத்தவர். ஆயுசு பூராவும் அடுத்தவர் மண்ணில்தான் அவர் கால் பதிந்தது. மகன் முதன்முதலாக "எங்க கிரவுண்டு" என்று சொன்ன இடம் அந்தக் காய்ந்த குளம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு நின்றார்கள். சுருளியும் இரண்டு மேட்ச் ஆடினான். இரண்டாவது மேட்சில் சொந்த கோலுக்குள்ளேயே பந்தை அடித்தான். அன்றோடு ஆட்டத்தை விட்டுவிட்டு ரசிகன் ஆனான். டீமுக்கு அவன் செய்த முதல் நல்ல காரியம் அதுதான் என்று அவனே சொல்வான்.

டீம் சேர்ந்த இடம் மாவட்ட லீக்கின் மூன்றாம் டிவிஷன். இருபத்தெட்டு வருஷம் கழித்தும் இருந்த இடம் அதே மூன்றாம் டிவிஷன். அதற்குக் கீழே இன்னொரு டிவிஷன் இல்லாததால்தான் இறங்காமல் இருந்தார்கள். நடுவில் தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் வேறு வந்துவிட்டது. ஊரே கரையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டது, படகு விட்டது, குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டது. வாலிபர் டீம்காரர்கள் மட்டும் தங்கள் கோல் போஸ்ட் இருந்த இடத்தில் அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன்பிறகு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பொட்டல் கிரவுண்டுக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் போய்த் தோற்றுவிட்டு வருவதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

அந்த மனசு சுருளிக்கு இருந்தது. மகள் முத்துமீனாவின் கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் காணாமல் போனவன், பந்தி முடியும் நேரத்தில்தான் சட்டையெல்லாம் புழுதியோடு வந்து நின்றான். சம்பந்தி வீட்டார் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, மூணுக்குப் பூஜ்யம் என்றான். அவன் மனைவி கனகா பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறவள். இருநூறு பிள்ளைகளை ஒரு அதட்டில் உட்கார வைப்பவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனை உட்கார வைக்க அவளால் முடியவில்லை.

கூட்டாளி ஒருவன் இருந்தான். ராமதாஸ், சௌராஷ்டிரக்காரன், சேலைக்குச் சாயம் போடுகிற பட்டறை வைத்திருப்பவன். டீம் கோல் வாங்கும்போது மட்டும் வாயில் வீட்டுப் பாஷை வந்துவிடும். முப்பது வருஷத்தில் சுருளி கற்றுக்கொண்ட சௌராஷ்டிர வார்த்தைகள் எல்லாமே ஏச்சுதான். அதை ராமதாஸின் மனைவி ஹம்சவேணியிடம் ஒருநாள் பெருமையாகச் சொல்லிக் காட்டிவிட்டு, ஒரு மாசம் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேட்சில் ஒன்பது கோல் வாங்கினார்கள். ஒன்பதாவது கோலுக்கு எதிர் டீம்காரனே கை தட்டவில்லை, பாவமாகப் பார்த்தான். அதுதான் சுருளிக்குப் பொறுக்கவில்லை. ஆட்டோவை நேரே வண்டியூர்க் கண்மாய்க்கரைக் கருப்பணசாமி கோயிலுக்கு விட்டான். அங்கே பூசாரி நல்லகாமன் முன்னாலேயே நேர்ந்துகொண்டான். டீம் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினால் சாமிக்கு ஒரு கிடாய். கூடவே போயிருந்த ராமதாஸ் கறி வாடையே ஆகாதவன். அவன் தன் பங்குக்கு அழகர்கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டான். அப்போது அவனுக்குத் தலை நிறைய முடி இருந்தது.

மறுவாரமே ஒரு குட்டி வாங்கி, காது நுனியை அறுத்து அடையாளம் வைத்து, சாமி பேரைச் சொல்லி வீட்டில் கட்டினான். இதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அடுத்து நடந்ததுதான் பிசகு. நேர்ந்து விட்ட கிடாய்க்குப் பேர் வைக்கக் கூடாது. எவரும் வைப்பதில்லை. வைத்தால் அது வீட்டில் ஒரு ஆளாகிவிடும், அப்புறம் கத்திக்குக் கொடுக்கக் கை வராது. இது எல்லாருக்கும் தெரியும், சுருளிக்கும் தெரியும். ஆனால் அந்தக் குட்டியை மேட்சுக்குக் கூட்டிப்போன முதல் நாளே அது பந்து போகிற பக்கமெல்லாம் ஓரக் கோட்டை ஒட்டியே ஓடியது. கோட்டைத் தாண்டி உள்ளே ஒரு காலும் வைக்கவில்லை. டீமில் எவனோ சிரித்துக்கொண்டு "லைன்ஸ்மேன்" என்று கூப்பிட்டான். அது திரும்பிப் பார்த்தது. அத்தோடு முடிந்தது கதை.

"பேர் வைக்காதீகன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் கனகா. ஒரு வாரம் கழித்து அவளும் லைன்ஸ்மேன் என்றுதான் கூப்பிட்டாள்.

லைன்ஸ்மேன் வளர்ந்தது. கொம்பு முறுக்கியது, தாடி விட்டது, ஆட்டோவில் ஏறி உட்காரப் பழகியது. அதற்கு ஒரு வேலையும் அமைந்தது. இடைவேளையில் வியர்த்து ஊற்ற வருகிற ஆட்டக்காரர்கள் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது அதன் தலையிலும் ஊற்றுவார்கள். முதலில் விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு வழக்கமாகிவிட்டது. பதினொரு பேர் ஆளுக்கொரு கை ஊற்றினாலும் அது கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நிற்கும். நாகமலை வெயில் அப்படி. தோற்கிற டீமுக்கு இடைவேளையில் சிரிக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, அது இந்தக் கிடாயாக இருந்தது.

ஆறு வருஷம் அந்த நேர்த்திக்கடனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. டீம் ஜெயித்தால்தானே. லைன்ஸ்மேனைப் போல நிம்மதியாக வாழ்ந்த கிடாய் மதுரை ஜில்லாவிலேயே கிடையாது என்று ராமதாஸ் சொல்வான். அவனுக்கு அதற்குள் முன்மண்டை பூராவும் வழித்துவிட்டிருந்தது. வேண்டுதலை நிறைவேற்ற முடி மிஞ்சுமா என்பதே சந்தேகம்.

ஏழாம் வருஷம் என்ன காற்று அடித்ததோ தெரியவில்லை. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற விக்ரம் என்கிற பையன் முன்வரிசையில் ஆட வந்தான். பைக்கில் சந்து பொந்தெல்லாம் புகுந்து பழகிய உடம்பு, பந்தோடும் அப்படியே புகுந்தான். சிம்மக்கல் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிற மருது கோல் கீப்பர். கேப்டன் அழகுபாண்டிக்கு நாற்பத்தொரு வயசு, இரண்டு முட்டியிலும் பட்டை கட்டியிருப்பான், பின்வரிசையில் சுவர் மாதிரி நிற்பான். இவர்களை வைத்துக்கொண்டு டீம் ஒரு மேட்ச் ஜெயித்தது. சரி, கண் மூடி அடித்தது பட்டுவிட்டது என்று நினைத்தார்கள். இன்னொன்று ஜெயித்தது. மாசி மாதம் பிறந்தபோது லீக்கில் இரண்டு மேட்ச் பாக்கி. முதல் மேட்ச், பின்னாலேயே துரத்தி வந்த டீமோடு. அதை ஜெயிக்கக்கூட வேண்டாம், டிரா செய்தாலே போதும், இரண்டாம் டிவிஷன்.

அன்றைக்குத்தான் சுருளிக்கு நேர்த்திக்கடன் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினான். லைன்ஸ்மேன் தானாக இறங்கிப் போய்த் தன் இடத்தில் படுத்தது. கனகா அதற்குக் கீரைத்தண்டு போட்டுக்கொண்டே, ஜெயிச்சிருவாகளா என்று கேட்டாள். இருபத்தெட்டு வருஷம் எந்தக் கேள்விக்காகக் காத்திருந்தானோ அதே கேள்வியை அவள் கேட்டாள், அவனுக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் பூசாரி நல்லகாமனிடம் போய் நின்றான். வேறு கிடாய், இதைவிடக் கொழுத்ததாக, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தால் சாமி ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டான். பூசாரி எழுபது வயசுக்காரர். திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். காது அறுத்து விட்டது எதுவோ அதுதான் சாமிக்குச் சொந்தம் என்றார். சாமியிடம் பேரம் பேச இது என்ன மார்க்கெட்டா என்றும் கேட்டார். சுருளி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். வாக்குத் தவறுகிற பழக்கம் அவன் குடும்பத்திலேயே கிடையாது. அவன் அப்பாவிடம் வேறு சொத்து என்று எதுவும் இல்லை, சொன்ன சொல் ஒன்றுதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டிரா செய்தால் போதும் என்ற அந்த மேட்சில், டீம் ஒன்றுக்குப் பூஜ்யம் தோற்றது. ஆளே இல்லாத கோலுக்கு முன்னால் விக்ரமிடம் பந்து வந்தது. கனகா கூட அடித்திருப்பாள். அவன் மேலே தூக்கி அடித்தான், பந்து தேனி ரோட்டுக்கே போய்விட்டது. ராமதாஸ் சௌராஷ்டிரத்தில் புதிதாக ஏதேதோ சொன்னான். சுருளிக்கோ உள்ளுக்குள் ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்து அன்று முழுக்க அவனுக்கு அசிங்கமாகவும் இருந்தது.

துரத்தி வந்தவர்கள் நெருங்கிவிட்டார்கள். இப்போது கடைசி மேட்ச். டிரா போதாது, ஜெயித்தே ஆக வேண்டும்.

நாலு மணிக்கு ஆட்டம். மருதுவை வெங்காய மண்டியிலிருந்து கூட்டிக்கொண்டு போவது எப்போதும் சுருளியின் வேலை. மூன்றே காலுக்கு ஏற்றினான். பின் சீட்டில் ஒரு பக்கம் மருது, மறு பக்கம் லைன்ஸ்மேன். ஆட்டோ காளவாசல் சிக்னல் தாண்டி, விராட்டிபத்தும் தாண்டியது. கண்ணாடியில் பார்த்தான். லைன்ஸ்மேன் தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. கீப்பர் போகவில்லை என்றால் டீம் தோற்றுவிடும். தோற்றால் இன்னும் ஒரு வருஷம். இந்தக் கணக்கு ஒரு வாரமாக அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் கை தானாக ஹாண்டிலைத் திருப்பி, ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தும் என்று அவன் நினைக்கவில்லை.

இன்ஜின் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்றான்.

மருது இறங்கினான். பின்பக்கம் போய் இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். திரும்ப வந்து மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். பத்து நிமிஷம் போயிற்று. பதினைந்து நிமிஷமும் போயிற்று. சுருளி துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

"அண்ணே, வண்டி சூடெல்லாம் இல்ல" என்றான் மருது மெதுவாக. "நீங்க நிப்பாட்டுனது நல்லதுதேன். இப்பிடியே இருந்துட்டுப் போவோம். லாரி லோடு வந்துருச்சு, மண்டியில விடலேன்னு நான் சொல்லிக்கிறேன்."

சுருளிக்கு முகம் கறுத்துவிட்டது. என்னடா சொல்கிறாய் என்று கேட்டான்.

"போன வாரம் விக்ரம் மேல தூக்கி அடிச்சான்ல, ஏன்னு நெனச்சீக? கோலுக்குப் பின்னாடி இது நின்னு அவனையே பாத்துக்கிட்டு இருந்துச்சுண்ணே. மேட்ச் முடிஞ்சு எங்கிட்டச் சொல்லி அழுதுட்டான். யாருக்குண்ணே மனசு வரும்?"

சுருளி அந்தத் துணியைக் கீழே போட்டான். முதலில் அவனுக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. தன்னைப் போலவே இவர்களும் தவிக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது பாருங்கள், உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும். மருது மேல் வந்தது, விக்ரம் மேல் வந்தது, எல்லாரையும் விட அதிகமாகத் தன் மேலேயே வந்தது.

"இருபத்தெட்டு வருசம்டா மாப்ள" என்றான். "அம்புட்டு மேட்சும் நின்னு பாத்திருக்கேன். ஆடத் தெரியாம தோத்தீக. முடியாம தோத்தீக. ஒருநாள் கூட நான் வையல. ஏன்னா ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கணும்னுதேன் உள்ள எறங்குனீக. இன்னிக்கு வேணும்னே தோக்குறதுன்னா, நான் இம்புட்டு நாளா எதுக்குடா வெயில்ல நின்னேன்?"

மருது பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"ஏறு. ஆட்டை நான் பாத்துக்கிறேன். நீ பந்தைப் பாரு" என்றான் சுருளி.

அச்சம்பத்துத் திருப்பத்தில் அந்த ஆட்டோ போன வேகத்தைப் பார்த்தவர்கள் பிரசவ கேஸ் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே கொம்போடு ஒரு தலை.

கிரவுண்டில் அழகுபாண்டி நெருப்பு மிதித்தவனாக நின்றான். ரெஃப்ரி ஏற்கெனவே இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். மருது ஓடிப்போய்க் கையுறையை மாட்டினான். சுருளி யாரிடமும் பேசாமல் லைன்ஸ்மேனை இழுத்துக்கொண்டு போனான். நேரே எதிர் டீமின் கோலுக்குப் பின்னால் ஒரு முளை அடித்து அங்கேயே கட்டினான். பிறகு நடு மைதானம் வரைக்கும் நடந்து வந்து விக்ரம் முன்னால் நின்றான்.

"அது அங்கதேன் நிக்கும். அதைப் பாத்துக்கிட்டே அடி. சாமிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானு. நீயில்ல."

விக்ரம் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நின்றான்.

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிஷத்திலேயே ஒரு கோல் வாங்கினார்கள். வாலிபர் டீம் ஆயிற்றே, பழக்க தோஷம். ராமதாஸ் கோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து, இருக்கிற நாலு முடியையும் பிய்த்துக்கொண்டான். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் வந்து விழுந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுருளி லைன்ஸ்மேனை அவிழ்த்துக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினான். பிறகு அழகுபாண்டிதான் எழுந்து தன் பாட்டிலை அதன் தலையில் கவிழ்த்தான். மற்றவர்களும் வரிசையாக வந்து ஊற்றினார்கள். அது வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஒரு பையன் சிரித்தான். அதற்கப்புறம்தான் அவர்களுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

இரண்டாம் பாதிக்குப் பக்கம் மாறியது. சுருளியும் முளையைப் பிடுங்கிக்கொண்டு மறு கோடிக்குப் போய், அங்கே எதிராளி கோலுக்குப் பின்னால் கட்டிவிட்டு வந்தான். அறுபதாவது நிமிஷம் விக்ரம் இரண்டு பேருக்கு நடுவில் சந்தில் புகுவது போலப் புகுந்தான். எதிரே கோல், கோலுக்குப் பின்னால் லைன்ஸ்மேன். போன வாரம் இதே இடத்தில்தான் தூக்கி அடித்தான். இந்த முறை பந்து புழுதியை உரசிக்கொண்டு போய் வலையில் விழுந்தது. அவன் குதிக்கவில்லை, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கார்னர் கிடைத்தது. அழகுபாண்டி பின்வரிசையை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே முன்னால் வந்தான். அவன் தலையில் பந்து பட்டதா, பந்தில் அவன் தலை பட்டதா என்று இன்றைக்கும் தகராறு இருக்கிறது. பந்து உள்ளே போய்விட்டது. கடைசி நிமிஷம் எதிர் டீம்காரன் ஒருவன் பத்தடியிலிருந்து அடித்தான். மருது வெங்காய மூட்டையைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை, விசில் ஊதுகிற வரைக்கும் பந்தை விடவில்லை.

சுருளி கத்தினான். இருபத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினான். ராமதாஸ் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். கிரவுண்டில் உருண்ட சந்தோஷம் அப்படி இப்படி இல்லை. சுருளிக்கும் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. அவன் அப்பா உயிரோடு இருந்து தன்னைப் பார்த்திருக்கக் கூடாதா என்று நினைக்கிற அளவுக்குச் சந்தோஷம். ஆனால் திரும்பிப் பார்த்தபோது மறு கோடியில் லைன்ஸ்மேன் கட்டிய கயிற்றை முழு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு, எல்லாரும் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. கத்தலை விட்டுவிட்டு அதை அவிழ்க்க நடந்தான்.

வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். அந்த வாரம் முழுக்கக் கனகா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் லைன்ஸ்மேனைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் தடவி, கழுத்தில் மாலை போட்டாள். போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோயிலுக்கு டீமே வந்திருந்தது. ராமதாஸ் விடிவதற்கு முன்னாலேயே அழகர்கோயில் போய் மொட்டை போட்டு வந்துவிட்டான். நாவிதர் மூன்று இழுப்பில் முடித்து, இதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டாராம். அதைச் சொன்னபோது கூட யாரும் சிரிக்கவில்லை.

கிடாய் வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மஞ்சள் தண்ணீரை அதன் மேல் தெளிக்க வேண்டும். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் அருவாளைத் தொடக் கூடாது. எந்தக் கிடாயும் முதல் தெளிப்பிலேயே சிலுப்பிவிடும், சில்லென்று தண்ணீர் பட்டால் சிலுப்பாமல் என்ன செய்யும்.

நல்லகாமன் பூசாரி மந்திரம் முணுமுணுத்துக்கொண்டே கை நிறைய அள்ளித் தெளித்தார். லைன்ஸ்மேன் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

இரண்டாம் முறை சொம்போடு ஊற்றினார். தாடி வழியே மஞ்சள் தண்ணீர் சொட்டியது. அது சுகமாகக் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டது. கூட்டத்தில் மருது மூச்சை இழுத்துப் பிடித்தான். சுருளிக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் முறை பூசாரி குடத்தையே தூக்கிக் கவிழ்த்தார். ஆடு கண்ணைத் திறந்தது, சுற்றிலும் நிற்கிற பதினொரு பேரையும் பார்த்தது. அவர்களில் இன்னும் யாரும் ஊற்றவில்லையே என்று நினைத்ததோ என்னவோ, மெதுவாக நடந்து போய் அழகுபாண்டியின் முட்டியில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. உடம்பில் ஒரு மயிர் அசையவில்லை.

பூசாரி குடத்தைக் கீழே வைத்தார். மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது, சாமி இப்போது வேண்டாம் என்கிறது என்றார். விக்ரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ராமதாஸ் மொட்டைத் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கவும் அழவும் செய்தான்.

சுருளி மட்டும் அசையாமல் நின்றான். பேசாமல் இருந்தால் கிடாய் பிழைத்துவிடும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ராமதாஸ் அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, காலை மிதித்து வாயை மூடு என்று சைகை செய்தான். ஆனால் அந்த அப்பாவுக்குப் பிறந்தவனால் சாமி முன்னால் எப்படி மறைக்க முடியும்.

"பூசாரி அய்யா, பொய் சொல்ல மாட்டேன்" என்றான். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. "இது சாமி உத்தரவு குடுக்காததால இல்லய்யா. அதுக்குத் தண்ணி பழகிப் போச்சு. ஏழு வருசமா ஒவ்வொரு மேட்சுலயும் ஊத்தி ஊத்திப் பழக்கிட்டோம். என்ன ஊத்துனாலும் அது சிலுப்பாது."

நல்லகாமன் பூசாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏப்பா சுருளி, மொத வருசமே நீங்க ஜெயிச்சிருந்தா இது சிலுப்பியிருக்குமா?"

சிலுப்பியிருக்கும் என்றான் சுருளி.

"ரெண்டாம் வருசம் ஜெயிச்சிருந்தா?"

அப்போதும் சிலுப்பியிருக்கும்.

"ஏழு வருசம் ஒங்களைத் தோக்கவிட்டு, அதுக்குத் தண்ணி பழக்குனது யாருங்கிற? நீயா? ஒங்க டீமு அம்புட்டுத் தோத்ததுக்கு இப்பதேன் எனக்கே காரணம் தெரியுது. கொண்டு போய்க் கட்டுப்பா. சாமி கேக்கும்போது கேக்கும்."

சுருளி ஆட்டைத் தூக்கினான். ஏழு வருஷத்துக் கிடாய், லேசில் தூக்க முடிகிற எடையா அது. ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டே நடந்தான். வீட்டு வாசலில் சத்தம் கேட்டும் கனகா கதவைத் திறக்கவில்லை. லைன்ஸ்மேன் போய்க் கொம்பால் கதவை ஒரு முட்டு முட்டியது. திறந்தாள். நின்றாள். அப்படியே அதன் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு வாரத்துப் பேச்சையெல்லாம் புருஷனிடம் இல்லை, அதனிடம்தான் பேசினாள்.

அந்த வருஷம் இரண்டாம் டிவிஷனில் முதல் மேட்ச். எதிர் டீமுக்கு ஷூ எல்லாம் ஒரே நிறம், கோச் என்று தனியாக ஒரு ஆள், குடைக்குக் கீழே நாற்காலி. வாலிபர் டீம் நாலுக்குப் பூஜ்யம் தோற்றது. இடைவேளையில் பதினொரு பேரும் வரிசையாக வந்து லைன்ஸ்மேனுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

திரும்பி வரும்போது ராமதாஸ், மருதுவையும் கிடாயையும் நெருக்கிக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்து, இப்படியே போனால் அடுத்த வருஷம் மறுபடி கீழே இறங்கிவிடுவோம் போலிருக்கிறதே என்று கவலைப்பட்டான்.

சுருளி கண்ணாடியில் மூன்று தலைகளையும் பார்த்தான். இருபத்தெட்டு வருஷமாக அவர்களுக்கு இறங்குவதற்கு ஒரு இடம் இருந்ததில்லை.

"எறங்குனா என்ன மாப்ள" என்றான். "ஏறத் தெரியும்ல."